மின்சாரம் எழுதும் நாட்குறிப்பு

முன்னுரை

நமது உத்திரமேரூருக்கு வரும் வெளியூர் அன்பர்கள் தவறாமல் காண விழைவது வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள கல்வெட்டுகளையே ஆகும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அக்கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்குச் சான்றாக நாம் பள்ளி நாள் முதலே படித்து வருகிறோம். ஆயினும் அவற்றிலுள்ள ஒரு விதியை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்துக்குத் தகுதியற்றவர். அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர் என்பதே அவ்விதி. ஏரி வாரியமாயினும் தோட்ட வாரியமாயினும் கணக்கு எழுதினால் மட்டும் போதாது. அதைக் காட்டவும் வேண்டும். பிறர் அதைப் பார்க்கவும் வேண்டும்.

எழுதப்பட்டும் படிக்கப்படாத கணக்கினால் என்ன விளையும் என்பதை எனக்குக் கற்பித்தது நம் பகுதியிலுள்ள ஓர் அரிசி ஆலை. அங்கு நான் கற்ற பாடத்தையே இங்கு எழுதுகிறேன்.

பதிவு என்பது யாது?

வீட்டு மின்கணக்கீட்டுக் கருவி எத்தனை யூனிட் செலவாயிற்று என்பதை மட்டுமே பெரும்பாலும் நமக்குக் காட்டுகிறது. ஆலைகளிலும் துணைமின் நிலையங்களிலும் உள்ள கருவிகளோ மும்முனைகளின் மின்னழுத்தம், மின்னோட்டம், அதிர்வெண், திறன் காரணி ஆகிய அனைத்தையும் அளக்கின்றன. அவ்வளவுகளைக் கணினியிலுள்ள கண்காணிப்பு மென்பொருள் குறித்த இடைவெளிகளில் வாங்கிச் சேமித்து வைக்கிறது. முற்காலத்தில் துணைமின் நிலையப் பணியாளர் மணிக்கு ஒருமுறை பலகையைப் பார்த்துப் பேரேட்டில் எழுதிய வேலையைத்தான் இம்மென்பொருள் செய்கிறது.

இப்பதிவு இருவகைப்படும். ஒன்று, அளவுப் பதிவு. பதினைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை அளவுகளின் சராசரி எழுதப்படும். மற்றொன்று, நிகழ்ச்சிப் பதிவு. ஏதேனும் ஓர் அளவு வரம்பு மீறினால், அது நிகழ்ந்த மணி, நிமிடம், விநாடி ஆகியவை எழுதப்படும். முதலாவது நோயாளியின் அன்றாடக் காய்ச்சல் அட்டையைப் போன்றது. இரண்டாவது அவர் மயங்கி விழுந்த நேரத்தைக் குறித்த சீட்டைப் போன்றது. ஒன்றை விட்டு மற்றொன்றைப் படிப்பவர் நோயை அறிய மாட்டார்.

ஆலையில் நடந்தது

இயற்பியல் படிக்கும் மாணவன் என்ற ஒரே காரணத்தால், அந்த ஆலையில் கருவி பொருத்தப்பட்டபோது எச்சரிக்கை வரம்புகளை இடும் பொறுப்பு என்னிடம் வந்தது. மும்முனை மின்சாரத்தில் இரு முனைகளுக்கு இடையே 415 வோல்ட் இருத்தல் வேண்டும் எனப் படித்திருந்தேன். ஆகவே 400 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய கணமே மணி ஒலிக்குமாறு அமைத்துவிட்டு, பெரிய காரியம் செய்துவிட்ட பெருமிதத்துடன் வீடு திரும்பினேன்.

தை மாதம், சம்பா அறுவடை முடிந்து நெல் வந்து குவிந்திருந்தது. ஆலை இரவு பகலாக ஓடியது. ஓரிரவு பெரிய மோட்டார் எரிந்துவிட்டது. காயில் கட்டி வருவதற்குள் புழுங்கலுக்காக ஊறவைத்த நெல் நாற்றமெடுத்தது. அந்நெல் எங்கள் ஊர் உழவர்களின் நெல்.

உரிமையாளர் நிகழ்ச்சிப் பதிவைத் திறந்து பார்த்தார். ஒரு முனை அறுந்த நேரம் 1.50 என்றிருந்தது. இரவுப் பணியாளரான பெரியவரின் குறிப்பேட்டில் மோட்டாரை நிறுத்திய நேரம் 2.12 என்றிருந்தது. "இருபத்திரண்டு நிமிஷம் தூங்கியிருக்கிறார்" என்று முடிவு கட்டப்பட்டது. மணியின் ஒலியையும் அவர் அடைத்து வைத்திருந்தார் என்பது தெரிந்தபோது, அவரை வேலையை விட்டு அனுப்புவதென்ற பேச்சு எழுந்தது.

நான் அவரிடம் சென்று, "ஏன் ஐயா ஒலியை அடைத்தீர்கள்?" என்று கேட்டேன். அவர், "தம்பி, ராத்திரி முழுக்க அது கத்துது. எதுக்குக் கத்துதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். எனக்கு விடை கூற இயலவில்லை. வரம்பிட்டவன் நானல்லவா?

பதிவைப் படிக்கும் முறை

அன்றே கணினியின் முன் அமர்ந்து, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினேன். நான் அறிந்தவை மூன்று.

முதலாவது, கடிகாரம். பெரியவர் மோட்டாரை நிறுத்தியதும் மின்னோட்டம் பூச்சியமாகியிருக்க வேண்டும். அந்த நிகழ்ச்சியும் பதிவில் இருந்தது. ஆனால் அதன் நேரம் 1.57. ஒரே செயலுக்குச் சுவர்க் கடிகாரம் 2.12 என்கிறது, கருவி 1.57 என்கிறது. கருவியின் கடிகாரம் பதினைந்து நிமிடம் பின்தங்கியிருந்தது என்பது இதனால் விளங்கும். எனவே முனை அறுந்தது உண்மையில் 2.05 மணிக்கு, அவர் நிறுத்தியது ஏழே நிமிடங்களில். கொதிகலன் அருகே இருந்தவர் மோட்டாரின் உறுமல் மாறியதைக் கேட்டு ஓடி வந்திருக்கிறார். இரு வேறு கடிகாரங்களின் நேரங்களைக் கழித்துக் குற்றம் சாட்டுவது எவ்வளவு பெரிய பிழை!

இரண்டாவது, ஒரு நாளை மட்டும் பார்த்தல் ஆகாது. முந்திய வாரம் முழுவதையும் வரைபடமாக்கி, மூன்று அளவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். ஐந்து இரவுகளாக நீல முனை சிறிது சிறிதாகத் தாழ்ந்து வந்திருந்தது. கடைசி இரவில் முனைகளுக்கு இடையே 414, 393, 393 வோல்ட். இவற்றின் சராசரி 400. சராசரியிலிருந்து மிகுதியான விலகல் 14. அதாவது 3.5 விழுக்காடு ஏற்றத்தாழ்வு. இந்த விழுக்காட்டின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கினால் மோட்டாரின் வெப்ப உயர்வு எவ்வளவு மிகும் என்பது தோராயமாகக் கிடைக்கும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. அதன்படி ஏறத்தாழ 25 விழுக்காடு மிகுதி. மின்னழுத்தம் பார்வைக்குச் சிறிதே மாறியிருக்க, மோட்டார் உள்ளே வெந்துகொண்டிருந்தது. ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தபோது நீல முனையின் பிடிப்பு கருகித் தளர்ந்திருந்தது. ஐந்து நாட்களாகக் கருவி சொல்லி வந்தது அதைத்தான்.

மூன்றாவது, சராசரியை நம்பிவிடக் கூடாது. பதினைந்து நிமிடச் சராசரியில், மோட்டார் கிளம்பும்போது சில விநாடிகள் ஏற்படும் தாழ்வு மறைந்துவிடும். அத்தாழ்வை நிகழ்ச்சிப் பதிவே காட்டும். அதைத் திறந்தபோதுதான் என் தவறு எனக்குப் புலப்பட்டது. ஓரிரவில் நூற்றுக்கும் மேற்பட்ட மணிகள்! ஒவ்வொரு மோட்டார் கிளம்பும்போதும் ஒரு மணி. அழுத்தம் 399க்கும் 401க்கும் இடையே ஊசலாடும்போதெல்லாம் ஒரு மணி. கடைசி இரவின் உண்மையான எச்சரிக்கை இவற்றுள் ஒன்றாகக் கலந்து கிடந்தது. "புலி வருது, புலி வருது" என்று நாள்தோறும் கூவியவன் கதையை நான் ஓர் இயந்திரத்துக்குக் கற்றுக் கொடுத்திருந்தேன்.

உலகம் கற்ற பாடம்

இப்பிழையைச் செய்தவன் நான் ஒருவன் அல்லன். 1994ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்டு ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நிகழ்ந்தது. அதற்கு முந்திய 11 நிமிடங்களில் பணியாளர்களின் முன் 275 எச்சரிக்கைகள் வந்து குவிந்தன. எந்த மனிதரால் அவற்றைப் படிக்க இயலும்?

இதற்கு நேர்மாறானது 2003 ஆகஸ்டு 14 அன்று அமெரிக்காவில் நிகழ்ந்தது. ஒஹையோ மாநிலத்தின் ஒரு மின் நிறுவனத்தில் எச்சரிக்கை மென்பொருள் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் ஓசையின்றி நின்றுவிட்டது. நின்றதே பணியாளருக்குத் தெரியவில்லை. மின்தடங்கள் ஒவ்வொன்றாக அறுந்தபோதும், மணி ஒலிக்காததால் நலமே என்றிருந்தனர். நான்கு மணிக்குச் சற்றுப் பின் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏறத்தாழ ஐந்து கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர். பின்னர் விசாரித்தோருக்குப் பல பதிவுகளின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒவ்வாமல் இருந்ததும் பெருந்தொல்லையாயிற்று.

நம் நாட்டிலும் 2012 ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் மின்தொகுப்பு சரிந்தது. இரண்டாம் நாளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்குப் பகுதிகளில் அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் பாதிக்கப்பட்டனர். தென்னகத் தொகுப்பு அன்று தனித்து இயங்கியதால் நாம் தப்பினோம். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் தடத்தின் வழியே அதுவும் இணைக்கப்பட்டது. இன்று நாடு முழுவதும் ஒரே தொகுப்பு. எங்கோ ஏற்படும் தாழ்வு 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணின் அசைவாக உத்திரமேரூரிலும் பதிவாகும்.

வரம்பிடும் முறை

பின்னர் ஆலையில் நாங்கள் செய்த திருத்தங்களைக் கூறுகிறேன்.

1. பெரியவரையும் உடன் அமர்த்திக்கொண்டு, "இந்த மணி ஒலித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டேன். செய்வதற்கு ஒன்றுமில்லாதவை மணிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பதிவில் மட்டும் இருக்கும்.

2. அழுத்த வரம்பை 380 ஆக்கி, பத்து விநாடிகள் தொடர்ந்தால் மட்டுமே ஒலிக்கச் செய்தோம். ஒலித்த மணி 388க்கு மேல் ஏறினாலன்றி நீங்காது. ஆகவே ஊசலாட்டத்தால் வரும் மணிகள் நின்றன.

3. முனைகளின் ஏற்றத்தாழ்வு 2 விழுக்காட்டைத் தாண்டி ஒரு நிமிடம் நீடித்தால் தனி ஒலி. ஒரு முனை அறுந்தால், மணிக்குக் காத்திராமல் மோட்டாரையே நிறுத்தும் பிரிவென்டர் கருவி.

4. "பார்த்தேன்" என்ற பொத்தானை அழுத்துவது நோயைத் தீர்த்ததாகாது. அழுத்தியவர் காரணத்தையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

5. திங்கள்தோறும் கடிகாரத்தைச் சரிபார்த்து, மணி ஒலிக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். ஒலிக்காத மணி நலத்துக்கு அடையாளம் அன்று.

முடிவுரை

பெரியவர் இன்றும் அந்த ஆலையில் பணிபுரிகிறார். ஒலியை அவர் இப்போது அடைப்பதில்லை. அடைக்க வேண்டிய தேவையும் இல்லை. வரைபடத்தை அவரே திறந்து, "நீலம் கொஞ்சம் எறங்குது தம்பி" என்று என்னிடம் கூறும் அளவுக்குத் தேர்ந்துவிட்டார்.

மாணவ நண்பர்களே! நாளை நம்மில் பலர் அலுவலகங்களிலும் ஆலைகளிலும் இத்தகைய கருவிகளின் முன் அமரப் போகிறோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கணக்குக் காட்டாதவரை வாரியத்துக்கு வெளியே நிறுத்திய ஊர் நம் ஊர். பதிவை முழுதும் படிக்காமல் எவர்மீதும் பழி சுமத்தாதிருப்போம். பிறர் கேட்டுச் செயற்படக் கூடிய மணியையே கட்டுவோம்.