சிரிப்பு ஒன்று, சுவை இரண்டு

நகைச்சுவையை விரும்பாதார் இலர். ஆயினும் எது நகைச்சுவை என்பதில் இருவர் ஒத்துப்போவது அரிது. தொலைக்காட்சியில் வரும் சூழ்நிலை நகைச்சுவைத் தொடர்களை எடுத்துக்கொண்டால் இது நன்கு விளங்கும். ஒரே வீடு அல்லது ஒரே பணியிடம், மாறாத சில பாத்திரங்கள், ஏறத்தாழ அரைமணி நேரத்தில் எழுந்து தீரும் ஒரு சிக்கல். இதுவே இத்தொடர்களின் பொது அமைப்பு.

1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' என்னும் அமெரிக்கத் தொடரில் லூசில் பாலின் முகபாவத்தையும் சேட்டைகளையும் சிலர் ரசிப்பர். 1975இலும் 1979இலுமாகப் பன்னிரண்டே பகுதிகள் வெளிவந்த 'ஃபால்டி டவர்ஸ்' என்னும் பிரிட்டிஷ் தொடரில் விடுதிக்காரரின் சிடுசிடுப்பை வேறு சிலர் ரசிப்பர். இவற்றை 'அவரவர் ரசனை' என்று கூறி விட்டுவிடலாம். ஆனால், ஒரே தொடரை இருவர் விரும்பிப் பார்த்து, நேர்மாறான காரணங்களுக்காகச் சிரித்தால் அதனை என்னென்பது? இதனையே இங்கு ஆராய விழைகிறேன்.

அமெரிக்காவில் 1971 முதல் 1979 வரை ஒளிபரப்பான 'ஆல் இன் தி ஃபேமிலி' இதற்குத் தக்க சான்று. பிரிட்டிஷ் தொடர் ஒன்றைத் தழுவி நார்மன் லியர் இதனை உருவாக்கினார். கதைத்தலைவர் ஆர்ச்சி பங்கர் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வாழும் தொழிலாளி. கறுப்பரையும் யூதரையும் பிற நாட்டிலிருந்து குடியேறியோரையும் வாய்க்கு வந்தபடி பேசுபவர். அதே வீட்டில் தங்கிப் படிக்கும் மருமகன் மைக், மாமனாரோடு ஓயாமல் வாதிடுவான். ஆர்ச்சியின் காழ்ப்பை நகைப்புக்கு உள்ளாக்குவதே லியரின் நோக்கம்.

பார்த்தவர்கள் அனைவரும் அவ்வாறே கொண்டனரா? நீல் விட்மார், மில்டன் ரோக்கீச் என்னும் உளவியலறிஞர் இருவர் இதனை ஆராய்ந்து 1974இல் முடிவை வெளியிட்டனர். காழ்ப்புக் குறைந்தோர் ஆர்ச்சியைப் பார்த்துச் சிரித்தனர். காழ்ப்பு மிகுந்தோரோ ஆர்ச்சியை மெச்சினர். மருமகனே கேலிக்கு ஆளாவதாக எண்ணினர். அவரவர் கொண்டுவந்த மனமே அவரவர் கண்ட காட்சியாயிற்று. பார்வையாளர் முன்னிலையில் பதிவான அத்தொடரில் சிரிப்பொலி உரக்கக் கேட்கும். ஆனால் அது யாரை நோக்கிய சிரிப்பு என்பதை அவ்வொலி காட்டிக்கொடுப்பதில்லை.

நம் இலக்கணத்தார் இந்நுட்பத்தை முன்பே எண்ணியுள்ளனர். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்குரிய நிலைக்களன்கள் நான்கினுள் எள்ளலை முதலில் வைக்கிறது. உரைகாரர் பேராசிரியர் அதனை இரண்டாகப் பகுத்தார்: தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தானும் சிரிப்பது மற்றொன்று.

இரண்டாவது வகையை நான் அறிவேன். எங்கள் ஊர்ப் பேச்சைப் பேசும் வேலைக்காரப் பாத்திரம் ஒரு நகைச்சுவைக் காட்சியில் வரும்போது, உடனிருந்து பார்க்கும் நண்பர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிலரது சிரிப்பில் 'இவன் நம்மவன்' என்னும் உரிமை இருக்கும். அவர்கள் மறுநாளும் என்னோடு இயல்பாகப் பேசுவார்கள். வேறு சிலரோ மறுநாள் நான் வாய் திறந்ததும் அப்பாத்திரத்தின் வசனத்தை என்னிடமே திருப்பிச் சொல்வார்கள். பார்த்த காட்சி ஒன்றே. சிரித்த நேரமும் ஒன்றே.

ஆகவே, ரசனை அவரவர் உரிமை என்பதை நான் மறுக்கவில்லை. லூசியைப் பிடிக்காதவரிடம் எனக்கு வழக்கில்லை. ஆனால், 'உனக்குப் பிடித்த தொடர் எது?' என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. 'அதில் நீ யாரைப் பார்த்துச் சிரிக்கிறாய்?' என்றும் கேட்க வேண்டும். பல ஊர்களிலிருந்தும் பல குடும்பங்களிலிருந்தும் வந்து ஒரே வகுப்பில் அமரும் நாம், அக்கேள்வியை முதலில் நம்மிடமே கேட்டுக்கொள்வது நலம்.