நீறு பூத்த நெருப்பு

பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுனில் காலை 6 மணி. பழைய கன்டோன்மென்ட் பகுதிக்கே உரிய அமைதியான சாலைகள், ஓங்கி வளர்ந்த மரங்கள், அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே இன்னும் எஞ்சி நிற்கும் பழைய பங்களாக்கள். ரிச்சர்ட்ஸ் பூங்காவில் நடைப்பயிற்சிக்கு வருவோர் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக் கடந்து செல்கின்றனர். தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து ஒலிக்கின்றன.

அவர்களிடையே ஒருவரை எண்ணிப் பார்ப்போம். வயது 42. தகவல் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில் மேலாளர். வீட்டுக் கடன் தவணை ஒரு மாதமும் தவறியதில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே செலுத்தப்பட்டுவிடும். அலுவலகத்தில் சிக்கலான பணி எதுவாயினும் அவரிடமே வரும். குடியிருப்போர் சங்கக் கணக்கும் அவர் பொறுப்பில்தான். "அவரைப் போல் இருக்க வேண்டும்" என்று அக்கம்பக்கத்தார் தம் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு.

அதே மனிதரை இரவு 2 மணிக்குப் பாருங்கள். மாலையில் அனுப்பிவிட்ட மின்னஞ்சலை நான்காம் முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறார். பிறகு வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பார்க்கிறார். 11 மணிக்குப் பார்த்த தொகையே இப்போதும் இருக்கிறது. இருந்தாலும் நெஞ்சின் படபடப்பு அடங்கவில்லை.

"இன்னும் தூங்கலையாங்க?" என்று மனைவி கேட்கிறார்.

"ஒண்ணுமில்லம்மா, காலையில ஒரு மீட்டிங் இருக்கு. நீ தூங்கு."

இவர் கற்பனை மனிதர்தான். ஆயினும், இவருடைய சாயல் நம்மில் பலரிடம் உண்டு. மேலே சாம்பல் படிந்திருக்க உள்ளே கனன்றுகொண்டிருப்பதை நீறு பூத்த நெருப்பு என்கிறோம். வெளியே வெற்றியும் உள்ளே ஓயாத அச்சமுமாக வாழும் இந்நிலையைப் பற்றி இக்கட்டுரையில் பார்ப்போம்.

நோயா, இயல்பா?

இந்நிலையை 'திறம்படச் செயல்படும் பதற்றம்' என்ற பொருள்படும் பெயரால் இன்று பலர் குறிப்பிடுகின்றனர். மருத்துவ உலகின் அதிகாரபூர்வ நோய்ப் பட்டியல்களில் இப்படி ஒரு நோய் இல்லை. இது வழக்கில் வந்த பெயர். ஆனால் இந்தப் பெயருக்குள் அடங்குவோரில் பலருக்கு, மருத்துவர்கள் 'பொதுப் பதற்றக் கோளாறு' என்று அழைக்கும் நிலை இருக்கக்கூடும். ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு, பெரும்பாலான நாள்களில், கட்டுப்படுத்த முடியாத கவலை நீடிப்பது அதன் முதன்மை அடையாளம்.

பதற்றம் முழுவதுமே தீமையன்று. தேர்வுக்கு முந்தைய நாள் சற்று அஞ்சுபவர் நன்றாகப் படிக்கிறார். அமெரிக்க உளவியலாளர்கள் யெர்கிஸும் டாட்சனும் 1908ஆம் ஆண்டிலேயே இது குறித்து ஆய்ந்தனர். ஓரளவு தூண்டுதல் செயல்திறனைக் கூட்டும், அளவு மீறினால் அதுவே செயல்திறனைக் குலைக்கும் என்ற கருத்து அவ்வாய்விலிருந்தே வளர்ந்தது. உப்பு அளவோடு இருந்தால்தான் உணவு. அந்த அளவு நம்மை அறியாமலே மீறிப்போவதுதான் இங்குள்ள சிக்கல்.

அச்சமே இயந்திரமாகும்போது

அளவு மீறியதை நாம் ஏன் அறிவதில்லை? பயத்தில் செய்யும் வேலையும் நல்ல வேலையாகவே இருப்பதுதான் காரணம்.

நம் மேலாளர் ஓர் அறிக்கையை நான்கு முறை சரிபார்க்கிறார். மறுநாள் தவறு எதுவும் நேரவில்லை. அவர் மனம் என்ன முடிவுக்கு வருகிறது? 'நான்கு முறை பார்த்ததால்தான் தப்பித்தேன்' என்கிறது. ஒருமுறை பார்த்திருந்தாலும் தவறு நேர்ந்திராது என்பதை அறியும் வாய்ப்பை அது தனக்குத் தருவதே இல்லை. எனவே அடுத்த அறிக்கைக்கு ஐந்து முறை. உளவியலில் இவற்றைப் பாதுகாப்பு நடத்தைகள் என்பர். அவை அப்போதைக்கு அச்சத்தைத் தணிக்கின்றன. ஆனால் அச்சம் பொய்யானது என்று மெய்ப்பிக்கும் வாய்ப்பை அடைத்துவிடுகின்றன.

இதற்கு மேல் பாராட்டும் சேர்கிறது. சோம்பலைக் கண்டிக்கும் மேலதிகாரி, அச்சத்தால் பிறக்கும் உழைப்பைக் கண்டிப்பதில்லை. பதவி உயர்வு தருகிறார். பொறுப்பு கூடுகிறது, அச்சமும் கூடுகிறது. அப்படியும் சிலர் தம் வெற்றியைத் தம்முடையதாக ஏற்பதில்லை. 'எப்படியோ நடந்துவிட்டது, ஒரு நாள் என் தகுதியின்மை வெளியே தெரிந்துவிடும்' என்று நடுங்குகின்றனர். சாதனை புரிந்த பெண்களிடம் இந்த உணர்வைக் கண்ட பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்னும் இரு உளவியலாளர்கள் 1978ஆம் ஆண்டில் அதற்கு 'ஏமாற்றுக்காரர் உணர்வு' என்று பொருள்படும் பெயரிட்டனர். ஆண்களுக்கும் இது உண்டு என்பது பின்னர் தெளிவாயிற்று.

ஆகவே, ஒருவர் எவ்வளவு சாதிக்கிறார் என்பதைக் கொண்டு அவர் நலமாக இருக்கிறார் என்று முடிவு கட்ட முடியாது. அந்தச் சாதனைக்கு அவர் என்ன விலை கொடுக்கிறார் என்பதையே பார்க்க வேண்டும்.

இதே நகரில் வளர்ந்த ஒருவர்

புகழின் உச்சியில் இருப்பவருக்கும் இந்த விலை உண்டு என்பதை நாடறியச் சொன்னவர், பெங்களூரில் வளர்ந்த நடிகை தீபிகா படுகோன். 1980இல் ஆல் இங்கிலாந்து பூப்பந்துப் பட்டத்தை வென்ற பிரகாஷ் படுகோனின் மகள். 2013ஆம் ஆண்டு அவருடைய படங்கள் அடுத்தடுத்துப் பெரும் வெற்றி பெற்றன. 2014 ஜனவரியில் சிறந்த நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருதையும் பெற்றார்.

அடுத்த மாதமே, பிப்ரவரி நடுவில் ஒரு காலை, வயிற்றில் இனம்புரியாத வெறுமையோடு விழித்தெழுந்ததாகப் பின்னர் அவர் கூறினார். காரணமின்றி அழுகை வந்தது. எனினும் படப்பிடிப்புகளுக்குச் சென்றுகொண்டுதான் இருந்தார். வெளியே எவருக்கும் தெரியவில்லை. பெங்களூரிலிருந்து வந்து தங்கியிருந்த பெற்றோர் ஊர் திரும்பும் வேளையில் அவர் உடைந்து அழுதார். என்ன காரணம் என்று தாய் ஒவ்வொன்றாகக் கேட்டார். எதற்கும் அவரால் விடை சொல்ல இயலவில்லை. அந்த விடையின்மையிலிருந்தே, இது ஆறுதல் மொழியால் தீரக்கூடியதன்று, நிபுணரின் உதவி வேண்டும் என்று தாய் உணர்ந்துகொண்டார்.

பதற்றத்துடன் கூடிய மனச்சோர்வு என்று மருத்துவம் அதை இனங்கண்டது. ஆலோசனையாலும் மருந்தாலும் மீண்ட தீபிகா, 2015இன் தொடக்கத்தில் அதை வெளிப்படையாகப் பேசினார். அதே ஆண்டு, மனநலப் பணிக்காக 'லிவ் லவ் லாஃப்' அறக்கட்டளையைத் தொடங்கினார்.

அவருக்கு நேர்ந்தது நம் மேலாளரின் நிலையைவிடக் கடுமையானது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் மறைப்பு ஒன்றே. உழைப்பு நிற்காதவரை உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்று உலகம் நம்பிவிடுகிறது. இங்கே அதை முதலில் கண்டுகொண்டவர் வீட்டில் இருந்த தாய்.

எண்கள் சொல்வது

உலகில் 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ 30 கோடிப் பேர் பதற்றக் கோளாறுகளுடன் வாழ்ந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் ஆண்டுதோறும் இழக்கப்படும் வேலை நாள்கள் 1,200 கோடி என்பதும் அதன் மதிப்பீடே.

நம் நாட்டில், பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலச் சிக்கலுடன் இருப்பதை அது காட்டியது. பெருநகரங்களில் இவ்விகிதம் கூடுதலாக இருந்தது. சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதோரின் விகிதம், சிக்கலின் தன்மைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தது. மறைத்து வாழ்வோர் எத்தனை பேர் என்பதை இதிலிருந்தே உணரலாம்.

நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்

வேலை முடிந்தபின் நிம்மதி வருகிறதா, அடுத்த கவலை வருகிறதா? விடுமுறை நாளில் சும்மா இருந்தால் குற்றவுணர்வு எழுகிறதா? யாரேனும் உதவி கேட்டால், முடியாது என்று சொல்ல அஞ்சித் தலையசைக்கிறோமா? கழுத்தும் தோளும் எப்போதும் இறுகியுள்ளனவா? வீட்டாரிடம் சிறு காரணத்துக்கும் எரிந்து விழுகிறோமா? உறக்கம் கெட்டு எத்தனை நாள் ஆயிற்று?

மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய வினாப்பட்டியல் ஒன்றும் உண்டு. 2006இல் வெளியான அப்பட்டியலின் பெயர் 'ஜிஏடி–7'. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய 7 வினாக்கள். மொத்தம் 21 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைக் காண்பது நல்லது. அது நோயை உறுதி செய்யும் சோதனையன்று, கதவைத் தட்டச் சொல்லும் குறிப்பு மட்டுமே. நெஞ்சுப் படபடப்பும் எடை இழப்பும் இருந்தால் தைராய்டு, இதயச் சோதனைகளையும் மருத்துவர் பரிந்துரைக்கலாம். அவற்றைத் தவிர்க்க வேண்டாம்.

அன்றாடத்தில் சில பழக்கங்கள்

முதலாவது, ஒரே ஒரு சரிபார்ப்பு. முக்கியமற்ற மின்னஞ்சல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒருமுறை மட்டும் படித்து அனுப்பிவிடுங்கள். பிறகு என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் ஒன்றும் நடவாது. அதை மனம் தன் அனுபவத்தால் கற்க வேண்டும், அறிவுரையால் கற்காது.

இரண்டாவது, கவலைக்கு ஒரு நேரம். மாலையில் 20 நிமிடம் ஒதுக்கி, கவலைகளைத் தாளில் எழுதுங்கள். செய்யக்கூடியவை ஒரு பக்கம், நம் கையில் இல்லாதவை மறுபக்கம். இரவு 2 மணிக்கு வரும் கவலையை 'நாளை மாலை வா' என்று திருப்பி அனுப்பப் பழகலாம்.

மூன்றாவது, பண அச்சத்துக்கு ஓர் ஒழுங்கு. தவணைகளையும் கட்டணங்களையும் தானியங்கிச் செலுத்தலில் விட்டுவிடுங்கள். சில மாதச் செலவுக்கான தொகையைத் தனியே அவசர நிதியாக வையுங்கள். கணக்குகளுக்கு வாரிசு நியமனம் செய்துள்ளீர்களா என்று பாருங்கள். பிறகு இருப்பைப் பார்ப்பதற்கு வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐயமான பரிவர்த்தனை இருந்தால் குறுஞ்செய்தியே எச்சரிக்கும். நள்ளிரவில் செயலியைத் திறப்பதால் சேமிப்பு வளர்வதில்லை.

நான்காவது, மாலை ஃபில்டர் காப்பி. பெங்களூர்க்காரரிடம் இதைச் சொல்வது எளிதன்று. ஆயினும் காஃபின் படபடப்பைக் கூட்டும், உறக்கத்தைக் கெடுக்கும். நண்பகலுக்குப் பின் தவிர்த்துப் பாருங்கள். நாள்தோறும் நடையும் துணை செய்யும். கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு நடந்தால் இன்னும் நல்லது.

உதவி அருகில்தான்

பழக்கங்களால் தணியாதபோது நிபுணரை நாடுவதில் தயக்கம் வேண்டாம். எண்ணமும் நடத்தையும் மாறப் பயிற்றுவிக்கும் சிகிச்சையும், தேவையெனில் மருந்தும் பதற்றத்துக்கு நன்கு பயன் தருவன. மருந்தைத் தாமாகத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

நேரில் செல்லத் தயங்குவோர் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். இது நடுவண் அரசின் 'டெலி மானஸ்' சேவை. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது. நிம்ஹான்ஸ் இதன் தலைமை மையம். 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பேசலாம்.

காப்பீட்டுரிமையையும் அறிந்திருப்பது நலம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. உடல் நோய்க்கு அளிப்பது போலவே மன நோய்க்கும் மருத்துவக் காப்பீடு அளிக்க வேண்டும் என்று அது காப்பீட்டு நிறுவனங்களைப் பணிக்கிறது. எனினும் பல பாலிசிகள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பொருந்தும். புறநோயாளர் செலவும் காத்திருப்புக் காலமும் பாலிசிக்குப் பாலிசி மாறும். உங்கள் பத்திரத்தை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

வீட்டாருக்கும் ஒரு சொல். "உனக்கென்ன குறை? எல்லாம்தான் இருக்கிறதே" என்ற கேள்வி, வாய் திறக்க வந்தவரை மௌனமாக்கிவிடும். அதைவிட, "நீ தூங்கி எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டு, விடை வரும்வரை அருகில் அமர்ந்திருப்பது மேல்.

ரிச்சர்ட்ஸ் டவுன் மேலாளரிடம் மீண்டும் செல்வோம். இன்றிரவும் 2 மணிக்கு விழிப்பு வரலாம். மனைவி மீண்டும் கேட்கலாம். அப்போது "ஒண்ணுமில்லம்மா" என்பதற்குப் பதிலாக, "எனக்கு என்னமோ பயமா இருக்கு" என்று அவர் சொல்வாரானால், கடன் தவணை தவறிவிடாது, அலுவலகம் நின்றுவிடாது. நெடுநாளாகத் தனியே சுமந்ததைச் சுமக்க இருவராவர். சாம்பலை விலக்கிப் பார்த்தால்தான் உள்ளே நெருப்பிருப்பது தெரியும். தெரிந்தால்தான் அணைக்க முடியும்.