கடலுக்குப் போகும் பென்சில் செல் – ஓர் ஆய்வு

(மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது எல்லோரும் ரோபோ, செயற்கை நுண்ணறிவு, மின்சார கார் என்று பெரிய பெரிய தலைப்பாக எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டது பென்சில் செல். சிரிக்காதீர்கள்! டி.வி. ரிமோட்டில் போடுகிறோமே, ஏஏ என்று அட்டையில் எழுதியிருக்குமே, அதே செல்தான். எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி முழுக்க யாரும் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்ததற்கு இந்தச் செல்தான் காரணம். அதனால் இதைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

என் அப்பா ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் நாட்டுப்படகில் மீன் பிடிக்கிறவர். சாயங்காலம் போய் வலை விட்டு, மறுநாள் காலையில் கரைக்கு வருவார். படகில் உள்ளங்கை அளவுக்கு ஒரு ஜி.பி.எஸ். கருவி உண்டு. வலை விட்ட இடம், வலையைக் கிழிக்கும் பார் இருக்கும் இடம் எல்லாவற்றையும் அதில் புள்ளி புள்ளியாகக் குறித்து வைத்திருக்கிறார். அதில் இன்னொரு கோடும் இருக்கிறது. 1974, 1976 ஆண்டுகளின் ஒப்பந்தங்களில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே வகுத்த கடல் எல்லைக் கோடு. தண்ணீரில் அந்தக் கோடு தெரியாது, கருவியின் திரையில்தான் தெரியும். தெரியாமல் தாண்டினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஆளும் போய்ப் படகும் போன வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன.

"செல்போனில் மேப் இல்லையா?" என்று என் ரூம் தோழி கேட்டாள். இருக்கிறது. ஆனால் உப்புத்தண்ணீர் பட்ட விரலுக்கு அந்தத் திரை நகராது, ராத்திரி முழுக்க மேப் ஓடினால் சார்ஜும் நிற்காது. போன் இறங்கிப்போனால் நடுக்கடலில் பிளக் எங்கே? எங்கள் படகில் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணும் எஞ்சின், 12 வோல்ட் பேட்டரியே கிடையாது. பென்சில் செல் போடும் கருவி என்றால் இரண்டு செல்லைக் கழற்றி வேறு இரண்டைப் போட்டால் முடிந்தது. அதற்காகத்தான் அப்பா இன்னும் அதை விடாமல் வைத்திருக்கிறார்.

நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, வாடைக்காற்று காலம். கடல் சரியில்லாமல் மூன்று வாரம் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. கடல் அடங்கியதும் அப்பா கிளம்பினார். மூன்று வாரத்துக்கு முன்னால் சார்ஜ் போட்டு வைத்திருந்த நான்கு செல்லையும் அம்மா எடுத்துக் கொடுத்தார். கருவிக்கு இரண்டு, கைவசம் இரண்டு. ஐந்து மணிக்குப் போனவர்களுக்கு எட்டரை மணிக்கே திரை அணைந்துவிட்டது. மாற்றிப் போட்ட ஜோடி முக்கால் மணி நேரம்தான் நின்றது. வானத்தில் மேகம், ஒரு வெள்ளியும் தெரியவில்லை. எந்தப் பக்கம் ஓட்டினாலும் எங்கே போவோம் என்று தெரியாது. நல்லவேளை, அங்கே ஆழம் ஐந்தாறு பாகம்தான். நங்கூரத்தைப் போட்டு எஞ்சினை நிறுத்திவிட்டு மூன்று பேரும் விடியும் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் ஒரு விளக்கு வந்து போனதாம். அது யாருடைய விளக்கு என்று இன்றைக்கும் தெரியாது.

மறுநாள் மத்தியானம் வந்தார். சாப்பிட்ட பிறகு அந்த நான்கு செல்லையும் என் முன்னால் வைத்து, "பாப்பா, நீ கரண்டுப் படிப்புத்தானே படிக்கிறே. இது ஏன் செத்துச்சுன்னு பாத்துச் சொல்லு" என்றார்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான். எனக்கு வந்த முதல் பரீட்சை அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! இனி வருவது அந்தப் பரீட்சைக்கு நான் எழுதிய விடை.

முதலில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். முதல் ஜோடியில் ஒரு செல் 1.24 வோல்ட், இன்னொன்று 0.31 வோல்ட். அதாவது ஒன்றில் இன்னும் சரக்கு இருந்தது, ஒன்று மட்டும்தான் செத்திருந்தது. கருவிக்குள் இரண்டும் தொடர் இணைப்பில் இருப்பதால் பலவீனமான செல்தான் மொத்த நேரத்தையும் தீர்மானிக்கிறது. அதோடு போகாது. ஒரு செல் காலியான பிறகும் கருவி அணையாமல் ஓடினால், நல்ல செல்லின் மின்னோட்டம் காலியான செல்லுக்குள் தலைகீழாகத் தள்ளும். பிளஸ், மைனஸ் மாறி அந்தச் செல் உள்ளுக்குள் கெட்டுப்போகும். ஒவ்வொரு தடவையும் ஏற்கனவே நோஞ்சானாக இருக்கிறதே இன்னும் நோஞ்சானாகிறது. வீட்டில் நான்கு செல்லையும் கலந்து கலந்து போட்டதால் எது நல்லது, எது கெட்டது என்று யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.

அடுத்து, செல்லில் எழுதியிருந்த எண். 2800 மில்லி ஆம்பியர் மணி என்று பெரிய எழுத்தில் இருந்தது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் அப்பா பஜாரில் வாங்கினார். லேபில் ஒரு 10 ஓம், கால் வாட் ரெசிஸ்டர் எடுத்துச் செல்லோடு இணைத்தேன். 1.2 வோல்ட்டுக்கு 120 மில்லி ஆம்பியர் போகும். செல் 1 வோல்ட்டுக்கு இறங்கும் வரை எத்தனை மணி நேரம் என்று குறித்து, 120 ஆல் பெருக்கினால் உண்மையான கொள்ளளவு. முழு சார்ஜ் போட்டு வைத்த நான்கில் நல்லது 7 மணி நேரம் நின்றது, அதாவது 840. மோசமானது 4 மணி நேரம்கூட நிற்கவில்லை. 2800 எங்கே, 480 எங்கே!

பழசானதாலும் குறைந்திருக்கும், முழுப் பழியையும் கடைக்காரர் மேல் போட மாட்டேன். ஆனால் லேப் தராசில் வைத்தபோது ஒரு செல் 19 கிராம்தான் இருந்தது. நல்ல நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பென்சில் செல் 26, 27 கிராமுக்குக் குறையாது. உள்ளே சரக்கு இருந்தால்தானே எடை இருக்கும்! ஏஏ அளவில் நேர்மையாகச் செய்த செல் 2500, மிஞ்சினால் 2700 வரைதான் வருகிறது. 3000, 4000 என்று எழுதியிருந்தால் கையில் எடுத்தபடியே திருப்பி வைத்துவிடலாம். இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "கூடையில ஐஸ் மினுக்கறதைப் பாத்தா மீன் வாங்குவாங்க? செவுளைத் தூக்கிப் பாக்கணும்" என்றார். இருபது வருஷமாக மீன் விற்கிறவர். எனக்கு ஒரு வாரம் லேப் தேவைப்பட்டது.

சரி, எந்தச் செல்லை வாங்குவது?

சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவான துத்தநாக-கார்பன் செல் கடலுக்கு ஆகாது, சீக்கிரம் இறங்கும், ஒழுகவும் செய்யும். அல்கலைன் நல்லதுதான். ஆனால் இரண்டு மூன்று நடைக்கு ஒரு ஜோடி என்று தூக்கிப்போட்டால் மாதம் முழுக்கச் செலவு. ரீசார்ஜ் செல்தான் வழி. அதிலும் இரண்டு ஜாதி உண்டு என்பதுதான் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத விஷயம்.

சாதாரண நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் சும்மா பெட்டியில் கிடந்தாலே சார்ஜ் இழக்கும். மாதத்துக்குக் கால் பங்கு போவது சகஜம், பழைய செல்லாக இருந்தாலோ, வெயில் காய்கிற இடமாக இருந்தாலோ இன்னும் அதிகம். மூன்று வாரம் பெட்டியில் கிடந்த எங்கள் செல் கடலுக்குப் போகும் முன்பே பாதி செத்திருந்தது! இதற்கு மாற்றாக 2005-ல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில் தன்னிழப்பு குறைந்த செல்லைக் கொண்டுவந்தது. ஒரு வருடம் சும்மா வைத்தாலும் முக்கால் பங்குக்கு மேல் சார்ஜ் அப்படியே இருக்கும். இப்போது பல கம்பெனிகள் அந்த வகையைச் செய்கின்றன. அட்டையில் 'சார்ஜ் செய்தே விற்கப்படுகிறது' என்ற பொருளில் எழுதியிருந்தால் அநேகமாக அந்த ஜாதிதான்.

அதில் எண் 1900, 2000 என்று சின்னதாகத்தான் இருக்கும். ஏமாறாதீர்கள், எண் சின்னதானாலும் அது உண்மையான எண். நான் வாங்கியதைச் சார்ஜ் போட்டு ஒரு மாதம் அலமாரியில் வைத்து, பிறகு அதே 10 ஓம் சோதனை செய்தேன். ஹாஸ்டலில் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ராத்திரி ஒன்பதரைக்கு முடிந்தது. பதினைந்தரை மணி நேரம், அதாவது 1860. (வார்டன் இரண்டு தடவை வந்து என்ன செய்கிறாய் என்று கேட்டுப் போனார்.) அந்த வகையிலேயே 2500 எண்ணுள்ளதும் உண்டு. ஆனால் எனலூப் கணக்குப்படியே 2000 எண்ணுள்ளதை 2100 தடவை சார்ஜ் போடலாம், 2500 எண்ணுள்ளதை 500 தடவைதான்.

அப்பாவின் கருவிக்கு எவ்வளவு வேண்டும்? கையேட்டில் இரண்டு செல்லுக்கு 25 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. 2000-ஐ 25-ஆல் வகுத்தால் 80 மில்லி ஆம்பியர். ராத்திரியில் திரை விளக்கு எரிவதால் 110 என்று வைத்தேன். 12 மணி நேரத் தொழிலுக்கு 1320. எனவே 2000 தாராளம்.

"1.5 வோல்ட் செல்லுக்குப் பதில் 1.2 வோல்ட் செல் போட்டால் கருவி ஓடுமா?" என்று நம் வகுப்பிலேயே பலர் கேட்டார்கள். ஓடும். அல்கலைன் செல்லும் பாதி உபயோகத்துக்குள் 1.2-க்கு இறங்கிவிடுகிறது. ரீசார்ஜ் செல்லோ தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஏறக்குறைய 1.2-லேயே நிற்கும். ஆனால் கருவியின் மெனுவில் பேட்டரி வகையை மாற்ற வேண்டும். அப்பாவின் கருவியில் அது அல்கலைன் என்றே இருந்தது. அதனால் முழு சார்ஜ் இருந்தாலும் பாதி காட்டும், பிறகு எப்போது நிற்கும் என்றே தெரியாது. அந்தப் பேட்டரிப் படத்தை நம்புவதையே அப்பா விட்டிருந்தார்!

இப்போது லித்தியத்தில் 1.5 வோல்ட் பென்சில் செல்லும் வருகிறது, நேராக யு.எஸ்.பி. வயரில் சார்ஜ் போடலாம். உள்ளே இருக்கும் சின்ன சர்க்யூட் கடைசி நிமிடம் வரை 1.5 வோல்ட்டே கொடுக்கும். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? கருவி கடைசி வரை 'ஃபுல்' காட்டிவிட்டுப் பட்டென்று அணையும். கடலில் எனக்கு அது வேண்டாம். 14500 என்று எழுதிய செல்லும் பார்க்க ஏஏ போலவே இருக்கும், ஆனால் அது 3.7 வோல்ட். மாற்றிப் போட்டால் கருவி போயே போய்விடும்.

இனி சார்ஜர். உண்மையில் எங்கள் செல்லைக் கொன்றதில் பெரிய பங்கு இதற்குத்தான்.

எங்கள் பழைய சார்ஜரில் சிவப்பு விளக்கு செருகினால் எரியும், பிடுங்கினால் அணையும். செல் நிரம்பியதா என்று அதற்குத் தெரியாது. அதோடு இரண்டிரண்டு செல்லாகச் சேர்த்துத்தான் சார்ஜ் செய்யும். பாதி இருக்கும் செல்லும் காலியான செல்லும் ஜோடியாகப் போனால், ஒன்று நிரம்பி வழியும்போது மற்றது அரைவயிறு. டைமர் வைத்த சார்ஜர் தேவலை என்பார்கள். ஆனால் நம் ஊரில் கரண்ட் போய்ப் போய் வருகிறதே! ஒவ்வொரு தடவையும் டைமர் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கும். நிரம்பிய செல்லுக்குள் இன்னும் பல மணி நேரம் கரண்ட் போய்க்கொண்டிருக்கும்.

வாங்க வேண்டியது ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்கும் சார்ஜர். நான்கு செல்லுக்கு நான்கு விளக்கு இருக்கும், ஒற்றைச் செல்லை மட்டும் போட்டாலும் வேலை செய்யும். இது எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது நம் பாடத்துக்கு ஏற்ற விஷயம். சார்ஜ் ஏற ஏற செல்லின் வோல்ட்டேஜும் ஏறும். நிரம்பியதும் உள்ளே போகும் சக்தி வெப்பமாக மாறுகிறது, செல் சுடுகிறது, சூட்டில் வோல்ட்டேஜ் சில மில்லி வோல்ட் கீழே சரிகிறது. அந்தச் சின்னச் சரிவைப் பிடித்ததும் சார்ஜர் நிறுத்திவிடும். கரண்ட் ரொம்பக் குறைவாக இருந்தால் சரிவு கண்ணில் படாமலே போகலாம், பதினைந்து நிமிடத்தில் முடிக்கும் அவசர சார்ஜரோ செல்லைச் சுட்டெடுத்துவிடும். 2000 செல்லுக்கு 500-லிருந்து 1000 மில்லி ஆம்பியர் கொடுப்பதாகப் பார்த்து வாங்கினேன். இரண்டு மூன்று மணி நேரத்தில், மிஞ்சினால் ஐந்து மணி நேரத்தில் வேலை முடிகிறது.

சூடு என்றதும் ஞாபகம் வருகிறது. முன்பெல்லாம் மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே சார்ஜ் போடுவோம். 45 டிகிரியைத் தாண்டினால் இந்தச் செல் சார்ஜை ஒழுங்காக ஏற்காது. இப்போது ராத்திரிதான்.

மற்றதெல்லாம் சின்ன விஷயங்கள். ஜோடி பிரியாமல் இருக்க நெயில் பாலிஷால் ஒரு பொட்டு, இரண்டு பொட்டு வைத்திருக்கிறேன். படகுக்குப் போகும் செல்லை மூடி போட்ட டப்பாவில்தான் வைக்க வேண்டும். தூண்டில் முள்ளோடு பையில் கிடந்து ஷார்ட் ஆனால் முள் பழுக்கக் காய்ந்துவிடும். கருவியின் உள் ஸ்பிரிங்கை வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைக்கிறோம், உப்புப் பச்சை பிடித்தால் எந்தச் செல்லும் ஓடாது. டப்பாவில் கடைசிக் காவலாகப் பிரிக்காத அல்கலைன் ஜோடி ஒன்றும் இருக்கிறது.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அன்னைக்கு ரெண்டுல ஒண்ணு உசிரோடதான் இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். "ஆமாப்பா" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இப்போது பக்கத்து இரண்டு படகுக்காரர்களும் செல்லை எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நான் ஹாஸ்டலில் இருக்கும் நாளில் அம்மாதான் போடுகிறார். பொட்டு மாறிவிட்டதா என்று போனில் கேட்டால், "எனக்குச் சொல்லித் தர வந்துட்டா" என்று திட்டு விழுகிறது.