ஒரே பலகை, ஆறு கடல்

வீட்டில் கிடக்கும் தீப்பெட்டி ஒன்றை எடுத்து, அதன் மேலுள்ள படத்தை உற்றுப் பாருங்கள். சில பெட்டிகளில் சிவப்பு வண்ணம் மட்டும் தன் கோட்டை விட்டுச் சற்றுத் தள்ளி நிற்கும். கிளியின் மூக்கருகே இன்னொரு மூக்கு முளைத்ததுபோல் தோன்றும். சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் அச்சகத்துக் கழிவுத் தாளில் நோட்டுக்கு அட்டை போட்ட மாணவர்கள் இத்தகைய இரட்டை மூக்குகளை நிறையவே பார்த்திருப்பார்கள்.

வண்ணம் ஏன் விலகுகிறது? இதை அறிய ஒரு ஜப்பானியக் கடல் படம் நமக்கு உதவும். சிவகாசியில் கடல் ஏது என்று கேட்காதீர்கள். அந்தப் படம் அச்சிட்ட முறையும் சிவகாசி அச்சு இயந்திரமும் ஒரே கணக்கின்படி வேலை செய்பவை.

படத்தின் பெயர் 'பாய்மரப் படகுகள்'. 1926-இல் இதைச் செய்தவர் ஹிரோஷி யோஷிடா (1876–1950). நம் ஊருக்கும் அந்நியர் அல்லர். 1930-ஆம் ஆண்டு இறுதியில் தம் மகனுடன் இந்தியாவுக்கு வந்து பல ஊர்களைச் சுற்றினார். மதுரைக் கோயில் கூட அவர் மர அச்சுப் படங்களில் இடம்பெற்றிருக்கிறது.

'பாய்மரப் படகுகள்' படத்தில் அமைதியான உள்நாட்டுக் கடலில் படகுகள் மிதக்கின்றன. இதில் ஒரு விந்தை. அதே படகுகள், அதே அலைகள். ஆனால் விடியற்காலை, முற்பகல், பிற்பகல், மூடுபனி, மாலை, இரவு என ஆறு வேறு படங்கள்! ஒவ்வொன்றுக்கும் அவர் புதிதாகப் பலகை செதுக்கவில்லை. செதுக்கிய பலகைகளையே வைத்துக்கொண்டு, தடவும் வண்ணங்களை மாற்றினார். தங்க நிறம் தடவினால் காலை, கருநீலம் தடவினால் இரவு.

மர அச்சில் வண்ணத்துக்கு ஒரு பலகை வேண்டும். முதலில் கோடுகளுக்கான பலகையைச் செதுக்குவார்கள். கோடு மட்டும் மேடாக நிற்க, மற்ற இடங்களைக் குடைந்து எடுத்துவிடுவார்கள். உருளைக்கிழங்கை வெட்டி அச்சு குத்தியிருக்கிறீர்கள் அல்லவா, அதேதான். ஆனால் இங்கே உறுதியான காட்டுச் செர்ரி மரம். நீரில் கரைத்த வண்ணத்தைத் தூரிகையால் தடவி, தாளை மேலே வைத்து, மூங்கில் மடல் போர்த்திய 'பாரென்' என்னும் வட்டத் தட்டால் முதுகில் தேய்ப்பார்கள். பிறகு அடுத்த பலகை, அடுத்த வண்ணம். 1937-இல் யோஷிடா செய்த 'யோமெய் வாயில்' படத்துக்கு ஒரே தாள் 96 முறை அச்சேறியது. தொண்ணூறாவது முறை ஒரு மயிரிழை விலகினாலும் அதுவரை செய்த வேலை வீண்.

அப்படியானால் தாளை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வைப்பது எப்படி? கண்ணை நம்பி வைக்க முடியாது.

உங்கள் நோட்டை மேசைமேல் வையுங்கள். அது எத்தனை வகையில் நகரும்? இடம் வலமாக, முன் பின்னாக, சுழலவும் செய்யும். மூன்றே வகை. ஆகவே அதை நிறுத்த மூன்று தொடுபுள்ளிகள் போதும்: நீண்ட விளிம்பில் இரண்டு, பக்க விளிம்பில் ஒன்று. இரண்டே வைத்தால் நோட்டு எப்படியாவது நழுவும். ஜப்பானியர் பலகையின் ஓரத்தில் 'கென்டோ' என்னும் இரண்டு வெட்டுகளைச் செதுக்கினார்கள். ஒன்று மூலை வடிவம். தாளின் இரு விளிம்புகளையும் அது தொடும். மற்றொன்று நேர்க்கோடு, நீண்ட விளிம்பை மட்டும் தொடும். எண்ணிப் பாருங்கள், மூன்று தொடுபுள்ளிகள்!

இப்போது சிவகாசிக்கு வருவோம். ஆப்செட் இயந்திரத்தில் தாள் உள்ளே போகும் இடத்தைக் கவனித்தால், முன்விளிம்பைத் தடுக்க இரண்டு நிறுத்திகளும் பக்கத்தில் ஒன்றும் இருக்கும். மரப்பலகைக்காரர் உளியால் செய்ததை இங்கே எஃகு செய்கிறது. நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால்தான் கிளிக்கு ஒரே மூக்கு.

நிறுத்திகள் சரியாக இருந்தும் சில நாள்களில் வண்ணம் விலகுகிறதே? குற்றவாளி தண்ணீர். தாள் என்பது செடி இழைகளின் பின்னல். இழை ஈரத்தை உறிஞ்சினால் நீளத்தில் அதிகம் வளராது, தடிமனில் பருக்கும். அதனால் இழைகளுக்குக் குறுக்கே தாள் விரிகிறது. 500 மி.மீ. அகலத் தாள் ஆயிரத்தில் ஒரு பங்கு விரிந்தாலே அரை மி.மீ. ஆகிவிடும். கண்ணுக்குத் தெரிய அது தாராளம்.

சிவகாசியின் வறண்ட காற்று அச்சுக்கு வரம் என்பார்கள். பாதிதான் உண்மை. அளவு மீறிய வறட்சியில் தாள் சுருங்கும்; மின்னூட்டம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டவும் செய்யும். அச்சுக்காரருக்கு வேண்டியது வறட்சியைவிட மாறாத ஈரநிலை. ஆடிப் பெருக்கன்று மாதிரிகள் வெளியாகித் தொடங்கும் காலண்டர் வேலை, வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் இரவு பகலாக நடக்கும். நேற்று மஞ்சள் அச்சிட்ட கட்டு இரவு மழையில் திறந்து கிடந்தால், இன்று நீலம் அதில் பொருந்தாது. கட்டுகளை உறை பிரிக்காமல் அச்சுக்கூடத்திலேயே சில நேரம் வைத்துப் பழக்குவது இதற்காகத்தான்.

யோஷிடாவின் வழி இதற்கு நேர் எதிர். மர அச்சுக்காரர்கள் தாளை முதலிலேயே நனைத்து, ஈரத் தாள்களுக்கிடையே அடுக்கி, கடைசி வண்ணம் முடியும்வரை அதே ஈரத்தில் காத்தார்கள். விரிந்த தாள் விரிந்தபடியே இருந்தால் வண்ணம் விலகாது அல்லவா?

நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். பழைய தினசரிக் காலண்டர் தாளிலிருந்து 5 செ.மீ. சதுரம் ஒன்றை வெட்டி, ஒரு விளிம்பில் குறியிட்டுத் தட்டில் உள்ள தண்ணீர்மேல் மெல்லப் போடுங்கள். நனைந்த அடிப்பக்கம் முதலில் விரிவதால் தாள் மேல்நோக்கிச் சுருளும். அந்தச் சுருள் எந்தத் திசையில் நீண்டு கிடக்கிறதோ, இழைகள் அத்திசையில் படுத்திருக்கின்றன. விரைவாகப் பாருங்கள். மேல்பக்கமும் நனைந்ததும் தாள் மறுபடி தட்டையாகிவிடும்.