ஓநாய்க் கடவுளும் நான் விட்ட ஐந்து மதிப்பெண்ணும்

(9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்)



போன மாதம் வினாடி வினாவில் எங்கள் பச்சை அணி ஐந்து மதிப்பெண்ணில் தோற்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்குக் காரணம் நான்தான். கேள்வி இது: "ஜப்பானியப் புராணத்தில் எட்டுத்தலைப் பாம்பைக் கொன்றவர் யார்?" கேள்வி முடியும் முன்பே எழுந்து, "அமதெராசு சார்! வெள்ளை ஓநாய்!" என்று கத்தினேன். ஹாலே சிரித்தது. பதில் தவறு. எதிரணி "சுசனோவோ" என்று சரியாகச் சொல்லிவிட்டது.

"ஓநாயா? எந்தப் புஸ்தகத்திலடா படிச்சே?" என்றார் சார்.

"கேம்ல சார்."

"சரி, புராணத்தையும் படி. கேம்ல எது பழசு, எது அவங்க புதுசா சேர்த்ததுன்னு பிரிச்சு சுவரிதழ்ல எழுது. அதான் உனக்கு தண்டனை."

தண்டனை என்று ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஆசையாகிவிட்டது.

அந்த கேமின் பெயர் 'ஓகாமி'. கோடை விடுமுறையில் பெரியப்பா வீட்டுக்குப் போனபோது அண்ணனின் கம்ப்யூட்டரில் விளையாடினேன். முதலில் வந்தது 2006-இல், பிளேஸ்டேஷன் 2-க்கு. இயக்கியவர் ஹிதெகி கமியா, தயாரித்தது கிளோவர் ஸ்டூடியோ, வெளியிட்டது கேப்காம் நிறுவனம். நான் ஆடியது அதன் ரீமாஸ்டர். "ரீமாஸ்டர்னா என்னண்ணே, புது கேமா?" என்று கேட்டேன். "இல்லடா, பழைய படப்பிரதியைத் துடைச்சு மறுபடி தியேட்டர்ல விடற மாதிரி. கதை, பாட்டு, ஆட்டம் எல்லாம் அதேதான். படம் மட்டும் தெளிவா இருக்கும்" என்றார் அண்ணன்.

அந்தக் காலத்து டிவிக்குச் சுமார் 480 வரிகளில் படம் போட்டால் போதும். அதையே இன்றைய பெரிய திரையில் இழுத்தால் கோடுகளின் ஓரம் படிக்கட்டு போலத் தெரியும். 2012-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்தபோது 1080 வரிகளாக்கினார்கள். 2017 டிசம்பரில் கம்ப்யூட்டருக்கும் வந்தது, அதில் 4கே வரை போகலாம். ஆனால் நொடிக்கு 30 படம் என்ற பழைய கணக்கை மாற்றவில்லை. ஆரம்பத்தில் நீ...ளமாகக் கதை சொல்லிக் கொல்வதையும் மாற்றவில்லை. யாரும் பேசுவது புரியாது, கொசகொசவென்று சத்தம் மட்டும் வரும், ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஆடினேன்.

தெளிவான படம் இந்த கேமுக்கு ஏன் முக்கியம்? இதில் எல்லாமே தூரிகையால் மையில் வரைந்த ஓவியம் போல இருக்கும். மலைக்குத் தடித்த கோடு, புல்லுக்கு மெல்லிய கோடு. ஜப்பானில் இந்த மை ஓவியத்துக்கு 'சுமி-எ' என்று பெயர். எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி என்னவென்றால், முதலில் அவர்கள் நிஜம் போன்ற காட்டையும் ஓநாயையும்தான் செய்யப் பார்த்தார்களாம். பிளேஸ்டேஷன் 2-க்கு அந்த பாரத்தை இழுக்க முடியவில்லை. அதனால்தான் மை ஓவியத்துக்கு மாறினார்கள். மாறிய பிறகு, 'ஓவியம் என்றால் ஆடுபவனையும் வரைய விடலாமே' என்று யோசனை வந்தது. மெஷினால் முடியாமல் போனதால்தான் கேமின் உயிரே கிடைத்தது!

வரைவது எப்படி என்றால், ஒரு பட்டனை அமுக்கினால் உலகம் அப்படியே நின்று காகிதம் மாதிரி ஆகிவிடும். மவுஸால் நீங்கள் வரைய வேண்டும். இரவு வானத்தில் ஒரு வட்டம் போட்டால் சூரியன் வந்து பகலாகும். எதிரியின் குறுக்கே ஒரு கோடு போட்டால் வெட்டு. பட்ட மரத்தைச் சுற்றி வட்டம் போட்டால் பூ. முதலில் ஷின்ஷூ என்ற வெளி முழுதும் சாபத்தால் கறுத்துக் கிடக்கும். அங்கே உள்ள காவல் மரத்தைப் பூக்க வைத்ததும் அதிலிருந்து பச்சை ஆறு மாதிரி ஓடி, போகிற இடமெல்லாம் புல்லும் பூவுமாக ஆகும். நான் மவுஸை விட்டுவிட்டு வாயைப் பிளந்து பார்த்தேன். மை மட்டும் அளவுதான். தீர்ந்தால் அது ஊறும் வரை நம் கடவுள் வெறும் வெள்ளை ஓநாய், அவ்வளவுதான்.

இந்தத் தூரிகை வித்தைகளைத் தரும் தெய்வங்கள் எலி, மாடு, புலி, முயல் என்று ஜப்பானின் பன்னிரண்டு ஆண்டு விலங்குகள். எண்ணிப் பார்த்தேன், நாய் மட்டும் இல்லை. அந்த இடத்தில் நம்ம ஓநாய் இருக்கிறது என்று நினைக்கிறேன். பதிலுக்குப் பூனை ஒன்று கூடுதல். எலி ஏமாற்றியதால் பூனைக்கு அந்த வரிசையில் இடம் போனது என்று ஒரு பழங்கதை உண்டு. கேமில் பூனைக்கு இடம் கிடைத்துவிட்டது!

இனி சார் கேட்ட விஷயம்.

ஜப்பானின் பழைய நூல்கள் இரண்டு: கொஜிகி (712), நிஹோன் ஷோகி (720). அவற்றில் அமதெராசு ஓநாய் இல்லை. அவள் சூரிய தேவி. சுசனோவோ அவள் தம்பி, பெரிய முரடன். அவனுடைய அட்டகாசம் தாங்காமல் அக்கா குகைக்குள் போய் ஒளிந்துகொள்ள, உலகமே இருட்டாகிவிட்டது. மற்ற தெய்வங்கள் வெளியே கண்ணாடியை மாட்டி, ஒரு தேவியை ஆட வைத்து, கூடிச் சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று எட்டிப் பார்த்தவளை வெளியே இழுத்துவிட்டார்கள்.

வானுலகத்திலிருந்து விரட்டப்பட்ட சுசனோவோ இசுமோ நாட்டுக்கு வந்தான். அங்கே ஒரு கிழவனும் கிழவியும் அழுதுகொண்டிருந்தார்கள். எட்டு மகள்களில் ஏழு பேரை ஒரோச்சி என்ற எட்டுத்தலைப் பாம்பு வருஷத்துக்கு ஒருத்தியாகத் தின்றுவிட்டது. மிச்சம் இருப்பவள் குஷினாதா. அவளைச் சீப்பாக மாற்றித் தன் தலையில் செருகிக்கொண்டான். எட்டு முறை காய்ச்சிய மதுவை எட்டுத் தொட்டிகளில் வைக்கச் சொன்னான். பாம்பு குடித்து மயங்கியதும் வெட்டினான். வாலில் ஒரு வாள் கிடைத்தது, அதை அக்காவுக்குக் கொடுத்தான்.

கேமில் கதையைத் தலைகீழாக்கிவிட்டார்கள். சுசனோ (பெயரையும் சுருக்கிவிட்டார்கள்) வெறும் வாய்ச்சொல் வீரன், பயந்தாங்கொள்ளி. பழைய கதையை நம்பாமல் அவன்தான் பாம்பின் சிறையைத் திறந்துவிடுகிறான். அவன் பாறையை வெட்டப் போனால் நாம் ரகசியமாகக் கோடு போட்டு வெட்ட வேண்டும். அவனோ "நானே வெட்டினேன்" என்று மார்தட்டுவான். குஷி என்ற பெண் மது காய்ச்சுகிறாள். அந்த மதுவைப் பாம்பின் வாய்களில் ஊற்றுவதும் நம் தூரிகைதான். கடைசியில் இருவரும் சேர்ந்துதான் பாம்பை முடிக்கிறார்கள். ஆக, கேம்படி பார்த்தால் என் பதில் பாதி சரி. சார் அரை மதிப்பெண் கூடத் தரமாட்டேன் என்கிறார்.

ஓநாயின் ஆயுதங்கள் கண்ணாடி, மணிமாலை, வாள். சும்மா வைக்கவில்லை. ஜப்பான் அரச குடும்பத்தின் மூன்று புனிதப் பொருள்கள் அவை. கண்ணாடி அந்தக் குகைக் கதையில் வந்ததாம், வாள் பாம்பின் வாலில் கிடைத்ததாம். 2019 மே 1 அன்று புதிய பேரரசர் பதவி ஏற்றபோது வாளையும் மணியையும் பெட்டிக்குள் வைத்து எடுத்து வந்தார்கள்.

அப்படியானால் ஓநாய் எங்கிருந்து வந்தது? ஜப்பான் மொழியில் 'ஓகாமி' என்றால் ஓநாய். 'பெரும் தெய்வம்' என்பதற்கும் ஓசை அதேதான், எழுத்துதான் வேறு. தமிழ் ஐயா சிலேடை நடத்தினாரே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் வெறும் வார்த்தை விளையாட்டு என்றும் விட முடியாது. பயிரை அழிக்கும் மானையும் பன்றியையும் ஓநாய் விரட்டும் என்பதால் மலைக் கோயில்களில் அதைத் தெய்வத்தின் தூதராகக் கும்பிட்டார்கள். சைதாமா மாகாணத்தின் மிட்சுமினே கோயில் வாசலில் சிங்கச் சிலைக்குப் பதில் ஓநாய்ச் சிலைகளே காவல் நிற்கின்றன.

இந்த இடத்தில்தான் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அந்த ஓநாய் இப்போது ஜப்பானில் இல்லை. நாய்வெறி நோயாலும் வேட்டையாலும் அழிந்துவிட்டது. கடைசியாகக் கிடைத்தது 1905-இல், நாரா மாகாணத்து மலைக் கிராமத்தில், அதுவும் செத்த ஓநாய். ஒரு வெளிநாட்டுக்காரர் விலைக்கு வாங்கினார். அதன் தோல் லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் ஓடவிட்டு, குதிக்கவிட்டு, மான்குட்டிக்கும் கோழிக்கும் தீனி போடவிட்ட அந்த வெள்ளை ஓநாயின் சொந்தக்காரர்கள் ஒருவர்கூட இல்லை. இது தெரிந்த பிறகு மறுபடி ஆடினேன், எதிரியைத் தேடாமல் சும்மா வெளியில் ஓடவிட்டுக்கொண்டே இருந்தேன். அண்ணன், "என்னடா, வாக்கிங் போறியா?" என்று கேலி செய்தார்.

கேமுக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான் வந்தது. எல்லோரும் புகழ்ந்தார்கள், வாங்கியவர்கள் குறைவு. கிளோவர் ஸ்டூடியோ 2007-இல் மூடப்பட்டது. ரீமாஸ்டர் செய்யாமல் விட்டிருந்தால் பழைய பெட்டி வைத்திருப்பவர்களைத் தவிர யாரும் ஆடியிருக்க முடியாது, நானும்தான். 2024 டிசம்பரில் இரண்டாம் பாகம் வரும் என்று அறிவித்தார்கள், இயக்குபவர் அதே கமியா.

பச்சை அணித் தலைவன் வினாடி வினாவுக்குப் பிறகு என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவனைப் பெரியப்பா வீட்டுக்குக் கூட்டிப்போய் கேமைப் போட்டுக் காட்டினேன். "உன் ஓநாய்தானே நம்மளை கவுத்துச்சு, காட்டு பார்க்கலாம்" என்று முறைத்துக்கொண்டே மவுஸைப் பிடித்தான். வானத்தில் வட்டம் போடச் சொன்னேன். முதல் தடவை முட்டை, இரண்டாம் தடவை இட்லி. மூன்றாம் தடவை எப்படியோ வட்டமாக வந்து, சூரியன் எழுந்தது.

"டேய், இன்னொரு தடவை ராத்திரி ஆக்குடா" என்றான்.

(பக்கத்தில் உள்ள படம் நானே ஸ்கெட்ச் பேனாவில் வரைந்தது. ஓநாய் ஆடு மாதிரி இருந்தால் சிரிக்க வேண்டாம்.)