ஏழை சொல் அம்பலம் ஏறுமா?

'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்பது நம் நாட்டுப் பழமொழி. இதனைக் கேட்டுக் கேட்டே நம்மவருள் பலர், தலைமை என்பது பொருளுடையார்க்கும் பட்டம் பெற்றார்க்குமே உரியதென்று எண்ணி ஒதுங்கி நிற்கின்றனர். இன்றைய பாடத்தில் இதனை ஆராய்வோம்.

ஆளவி நகரத்து ஹத்தகர் என்னும் உபாசகர், ஐந்நூறு இல்லறத்தார் சூழப் பகவன் புத்தரைக் காணச் சென்றார். இத்துணைப் பெருங்கூட்டத்தை எவ்வாறு ஒன்றாய்ப் பிணைத்து வைத்திருக்கின்றீர் என்று பகவன் வினவினார். தாங்கள் போதித்த நான்கு சங்கிரக வஸ்துக்களால் என்றார் ஹத்தகர். அங்குத்தர நிகாயத்தின் எட்டாம் நிபாதத்தில் இச்செய்தி உள்ளது. ஆனால் அவர் அதனோடு நிறுத்தினாரில்லை. தம் குடும்பத்தில் செல்வமும் உண்டென்றும், ஏழை ஒருவன் சொல்லுக்கு இவர்கள் இவ்வாறு செவிசாய்க்கமாட்டார்கள் என்றும் கூடவே சொல்லிவிட்டார். பிரசங்கம் செய்வோர் சிலர் இந்தச் சொற்களைத் தாண்டிச் சென்றுவிடுவர். நாம் தாண்டலாகாது. நம்முள் ஹத்தகரைப் போன்ற செல்வர் எத்தனை பேர்?

அந்நான்கும் தானம், பிரிய வசனம், அர்த்த சரியை, சமானாத்மதை என்பனவாம். கொடுத்தலும், இன்சொல் கூறலும், பிறர்க்குப் பயன்படுதலும் கேட்டவுடன் விளங்கும். சமானாத்மதையோ, சுகத்திலும் துக்கத்திலும் பிறரோடு ஒத்த நிலையில் நிற்றல். செல்வர்க்கு இது முயன்று வருவது. ஏழைக்கு வாழ்க்கையே இதில் வைத்துவிட்டது. நாம் பஞ்சாலையில் ரிங் பிரேம் அருகே நின்ற காலத்தில் இதனைக் கண்கூடாகக் கண்டோம். புதிதாய் வந்த பையன்கள் தமக்கொரு சங்கடம் நேர்ந்தால் மேஸ்திரியிடம் போவதில்லை. தன் இழைகளையும் கட்டிக்கொண்டு, பக்கத்து மெஷினில் அறுந்த இழையையும் ஓடிவந்து கட்டிக் கொடுக்கும் ஒரு கிழத் தொழிலாளியிடமே போவார்கள். அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

இனி, ஹத்தகர் கூறிய ஐயத்திற்கு விடையாக நம் அண்டை நிலத்தில் நிகழ்ந்த இரண்டு செய்திகளைக் காண்போம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரத்தில், பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்த பிளாச்சிமடை என்னும் ஊர் உண்டு. 2000ஆம் ஆண்டில் அங்கே கோகோ-கோலா கம்பெனியின் ஆலை இயங்கத் தொடங்கிற்று. ஆழ்துளைக் கிணறுகளால் ஆலை நீரை இறைத்தது. இரண்டாண்டுக்குள் சுற்றுப்புறக் கிணறுகளில் நீர் கீழே போயிற்று. மிஞ்சிய நீரும் குடிக்கவும் சமைக்கவும் ஆகாததாயிற்று. அவ்வூர் ஆதிவாசிக் குடியிருப்பில் வாழ்ந்தவர் மயிலம்மா. இரவாளர் குலத்தவர், கூலி வேலை செய்தவர், கணவரை இழந்தவர், பள்ளிக்கூடம் அறியாதவர். குடத்து நீரின் சுவை மாறிற்று என்பதையும், உலையிலிட்ட அரிசியும் பருப்பும் முன்போல் வேகவில்லை என்பதையும் அவரும் அண்டை வீட்டுப் பெண்களுமே முதலில் அறிந்தனர். நீரைச் சோதிக்கும் நிபுணர்கள் பிறகே வந்தார்கள். உரமென்று உழவர்க்குக் கொடுக்கப்பட்ட ஆலைக் கழிவில் ஈயமும் காட்மியமும் இருந்தன என்று பி.பி.சி. வானொலி அறிவித்தது 2003ஆம் ஆண்டில்தான்.

அடுப்பங்கரையில் அறிந்ததை அவர்கள் அங்கேயே புலம்பி விட்டுவிடவில்லை. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலின் எதிரே பந்தலிட்டு அமர்ந்தனர். ஆதிவாசித் தலைவி சி. கே. ஜானு அதனைத் தொடங்கிவைத்தார். பெரிய கட்சிகள் தொடக்கத்தில் அருகே வரவில்லை. கூலிக்குப் போகாத நாளில் சோறில்லை என்னும் நிலையிலுள்ளோர் ஆண்டுக்கணக்கில் ஒரு பந்தலைக் காப்பது எத்தகைய செயலென்பதைத் தினக்கூலி வாங்கியவர்களே உணர்வர். 2003 ஏப்ரலில் ஊராட்சி, ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் கேரள உயர்நீதிமன்றத்துத் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்கள் அனைவர்க்கும் பொது என்னும் கருத்துப்படத் தீர்ப்பளித்தார். 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. மேல்முறையீட்டில் வழக்கு கம்பெனிக்குச் சாதகமாய்த் திரும்பிய பின்னும் ஆலை நிலையாக இயங்கவில்லை. 2004 ஜனவரியில் உலகத் தண்ணீர் மாநாடு கூடியது அந்தச் சிற்றூர் இருக்கும் மாவட்டத்தில்தான். வெளிநாட்டாரும் அங்கு வந்தனர். ஏழையின் சொல் அம்பலம் ஏறிற்று. அம்பலமே ஏழையின் ஊருக்கு வந்தது என்றாலும் பொருந்தும்.

மயிலம்மா 2007 ஜனவரியில் மறைந்தார். மக்களுக்கு நேர்ந்த இழப்பை 216 கோடி ரூபாய்க்கு மேலென அரசின் குழு 2010இல் மதிப்பிட்டது. இழப்பீட்டுக்காகச் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றிய மசோதாவோ குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறவில்லை. சொல் அம்பலம் ஏறுவது ஒன்று, பலன் வீடு வந்து சேர்வது வேறொன்று.

பாலக்காட்டுச் சமவெளிக்குத் தெற்கே ஆனைமலைத் தொடரைக் கடந்தால் இடுக்கி மாவட்டத்து மூணாறு. 1877இல் பூஞ்ஞாற்று அரசரிடம் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பெற்ற கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை வளர்க்கத் தமிழ்நாட்டுக் கூலி மக்களைக் கங்காணிகள் ஏற்றிச் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட குலத்தார். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம் கேரளத்தோடு நின்றது, இம்மக்கள் சிறுபான்மையராயினர். கொழுந்து பறிப்பவர் பெண்கள். தொழிற்சங்க நாற்காலியில் அமர்ந்தவர் ஆண்கள்.

2015இல் 21 கிலோ கொழுந்துக்கு நாட்கூலி 232 ரூபாய். முந்தைய ஆண்டு 19 சதவீதம் கிடைத்த போனஸ் 10 ஆகக் குறைக்கப்பட்டது. லயத்தில் குடியிருந்து, அரிசிக் கடனும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் மனத்தில் கூட்டிக் கழிக்கும் பெண்களுக்கு அந்த ஒன்பது சதவீதத்தின் பொருளை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. செப்டம்பரில் ஆயிரக்கணக்கானோர் மூணாறு சாலையில் அமர்ந்தனர். தம் பெயரால் பேசவந்த சங்கத் தலைவர்களைத் திருப்பியனுப்பினர். லிஸ்ஸி சன்னி, கோமதி, இந்திராணி முதலிய தோட்டத்துப் பெண்களே முன் நின்றனர். 'பெம்பிளை ஒருமை' என்பது அவர்கள் கூட்டத்தின் பெயர். ஒன்பதாம் நாள், 20 சதவீதம் என உடன்பாடாயிற்று. அக்டோபரில் மாநிலத் தேயிலைத் தொழிலாளர் கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. அவர்கள் கேட்டது 500.

பின்பு நடந்ததை மறைத்துப் பாடம் சொல்வது தகாது. நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் கோமதி வட்டார ஊராட்சி உறுப்பினராக வென்றார். ஆயினும் சில மாதங்களிலேயே முன் நின்றோரிடையே பிணக்குகள் தோன்றி, கூட்டம் பிளவுண்டது. இதனை எள்ளுவோர் பலர். பட்டதாரிகளின் சங்கங்கள் பிளவுபடாதவையோ? நம் கருத்து யாதெனில், சமானாத்மதை மக்களைக் கூட்டிவிடும். கூடியவரைக் கூடியபடியே வைத்திருக்க வேறொரு பழக்கமும் வேண்டும். கணக்கைத் திறந்து காட்டுதல், மாறுபட்ட சொல்லைப் பொறுத்துக் கேட்டல், இருக்கையை விட்டு எழுந்து மற்றவரை அமரச் செய்தல் ஆகியவற்றை ஒன்பது நாளில் பயில முடியாது. அப்பெண்களுக்கு அதற்குமுன் எந்தச் சங்கமும் அப்பழக்கத்திற்கு இடம் தந்ததில்லை. குற்றம் யாருடையதென்று வாசகரே தீர்த்துக்கொள்ளலாம்.

ஆதலின் நம் சங்கங்களில் செய்யத்தக்கது பற்றிச் சில சொல்வோம். பௌர்ணமிக் கூட்டத்திற்குத் தலைமை வகிப்பவர் ஒவ்வொரு மாதமும் மாறுக. பாய் விரிப்பவரும் விளக்கேற்றுபவரும் பிரசங்கம் செய்பவரும் வெவ்வேறு வகுப்பார் போல் நிலைத்துவிட வேண்டாம். இம்மாதம் பிரசங்கித்தவர் அடுத்த மாதம் பாய் விரிக்கட்டும். நாமும் அவ்வாறே செய்து வருகின்றோம். சந்தாக் கணக்கைச் செயலாளர் பையில் வைத்திராமல், ஓர் உபாசிகை கூட்டத்தின் நடுவே நின்று உரக்கப் படிக்க வேண்டும். அவர் எழுத்தறியாதவராயின், செலவுத் தொகைகளை அவர் நினைவிலிருந்து சொல்லட்டும். எழுதத் தெரிந்தவர் எழுதிக்கொள்ளட்டும்.