நோயில்லாத எலும்புக்கு எங்கே போவது?

மனித எலும்புச் செல்களில் எந்த சைட்டோகைன் (செல்கள் ஒன்றுக்கொன்று சைகை சொல்லச் சுரக்கும் புரதம்) மரபணு எவ்வளவு முடுக்கத்தில் இருக்கிறது என்று அளக்க வருகிற புதியவர்களுக்குக் கவலையெல்லாம் பிசிஆர் கருவியைப் பற்றித்தான். இதை எழுதுபவர் பார்த்தவரையில், பழைய கைகளின் கவலை வேறு. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத எலும்பு வேண்டுமே, அதை யார் தருவார்கள்?

ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்வது பெரும்பாலும் இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் கழித்துப்போடும் தொடை எலும்பின் தலை. மூட்டுத் தேய்மானத்துக்காக எடுத்ததைப் பலர் கூசாமல் ‘நலம்’ என்ற பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். குருத்தெலும்பு தேய்ந்தால் அதன் அடியிலுள்ள எலும்பும் மாறிப்போகும் என்பது தெரிந்ததுதானே? எதிர்ப்பக்கத்தில் வைக்கும் ‘எலும்பு மெலிவு’ மாதிரியிலும் சிக்கல் உண்டு. அது இடுப்பு முறிந்து வந்தவருடையது. முறிந்த சில மணி நேரத்திலேயே அங்கே அழற்சி கிளம்பி இன்டர்லூக்கின்-6 என்ற சைட்டோகைன் ஏறிவிடும். அளவில் தெரியும் ஏற்றம் மெலிவினாலா, முறிவினாலா? வயது, மாதவிடாய் நின்ற காலம், ஸ்டீராய்டு மாத்திரை, விழுந்ததிலிருந்து அறுவை வரை கடந்த நேரம் எல்லாவற்றையும் மாதிரியோடு சேர்த்தே குறித்து வைத்தால்தான் இதற்குப் பதில் தேட முடியும்.

அடுத்தது கழுவுதல். நறுக்கிய எலும்புத் துண்டுகளை உப்புக்கரைசலில் குலுக்கிக் குலுக்கி, சிவப்பு போய் வெள்ளை தெரியும்வரை விடக்கூடாது. ஒட்டியிருக்கும் மஜ்ஜையில் ரத்தச் செல்கள் உண்டு. இன்டர்லூக்கின்-1 என்ற இன்னொரு சைட்டோகைன் அவற்றிலிருந்தும் வரும். சுத்தமான துண்டுகளைக் குடுவையில் இட்டால், ஒரு வாரம் பத்து நாளில் ஓரங்களிலிருந்து செல்கள் ஊர்ந்து வெளியே வரும். குடுவை நிறைய வாரக்கணக்கில் ஆகும், பொறுக்கத்தான் வேண்டும்.

எலும்பைக் கரைப்பதில் ரத்தச் செல்களுக்குப் பங்கு உண்டு என்ற தடயம் 1972-லேயே கிடைத்துவிட்டது. தூண்டிவிட்ட வெள்ளணுக்களிலிருந்து வடியும் ஏதோ ஒன்று எலும்பைக் கரைக்கிறது என்று ஆய்வாளர்கள் ஹார்ட்டன், ரெய்ஸ் குழுவினர் காட்டினார்கள். அதில் முக்கியமானது இன்டர்லூக்கின்-1 பீட்டா என்பது 1985-இல் தெரியவந்தது. 1997-இல் ஓபிஜி என்ற புரதமும், மறு ஆண்டே அது பிடித்து அடக்கும் ரேங்க்-எல் என்ற புரதமும் அடையாளம் காணப்பட்டன. எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை உருவாக்குவது ரேங்க்-எல். அதைத் தடுப்பது ஓபிஜி. ஆகவே ஒன்றை மட்டும் அளந்து முடிவு சொல்வது அரைகுறை வேலை; இரண்டின் விகிதம்தான் பேசும். ரேங்க்-எல்லைக் கட்டிப்போடும் டெனோசுமாப் ஊசிக்கு 2010-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் இந்தக் கணக்கின் வழியாகத்தான்.

வளர்ப்பு ஊடகத்தையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். எலும்புச் செல்கள் முதிர்வதற்கென்று பலர் சேர்க்கும் டெக்ஸாமெத்தசோன், இன்டர்லூக்கின்-6 மரபணுவை அமுக்கிவிடும். சீரத்தில் கலந்திருக்கும் துளி பாக்டீரிய நச்சோ அதையே கிளப்பிவிடும். பிசிஆர் அளப்பது மரபணுவின் ஆர்என்ஏவை; அது ஏறினால் புரதமும் ஏறியதாகிவிடாது. அதே குடுவையின் ஊடகத்தைக் கொட்டிவிடாமல் உறைய வைத்தால், பிறகு புரதத்தை அளக்கும் எலைசா சோதனையில் சரிபார்த்துக்கொள்ளலாம்.